கறுவாப்பட்டைக்கு இருக்கும் கடுதாசி

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டை வாசலில் குமார் என்பவர் டீக்கடை வைத்திருக்கிறார். காலையில் குடோன் பூட்டைத் திறப்பதற்கு முன் அங்கே நின்று ஒரு டீ குடிப்பது என் வழக்கம். நான் கேட்பது பிளேன்டீ. அதை இங்கே பால் ஊற்றாத டீ என்று விளக்கிச் சொல்ல வேண்டும். எத்தனை வருடமாகச் சொன்னாலும், குமார் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி முதலில் என் வயிற்றைத்தான் பார்ப்பார்.

"என்னா தாத்தா, வயிறு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா எதுக்குப் பால் வேணாங்கிறீங்க? எலுமிச்சம்பழமாவது கொஞ்சம் புழிஞ்சி வுடுறேன்."

இலங்கை மலைநாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். நம் பக்கம் எல்லோரும் குடிப்பது பிளேன்டீதான். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. பால் டீ என்பது கலியாண வீட்டுச் சமாச்சாரம். இங்கே அது அப்படியே தலைகீழ். பால் ஊற்றாத டீ பேதிக்கு மருந்து. நான் இந்தப் புதுச்சேரிக்கு வந்து ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. நூல் மில்லில் வேலை பார்த்தேன், இங்கேயே பெண் எடுத்தேன், மகன் பிறந்தான், அவன் பிள்ளைகள் லாஸ்பேட்டையில் காலேஜ் போகிறார்கள். இருந்தும் காலையில் ஒரு டீ வாங்குவதற்கு என் வயிற்றைப் பற்றி நானே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்களுக்கு நான் இன்னொரு வகையில் பயன்படுகிறேன். இலங்கையைப் பற்றி என்ன செய்தி வந்தாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். காரைக்கால் மீனவர்களைப் படகோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு நாள் போட்டிருந்தது. பிள்ளைச்சாவடியில் இருந்து மீன் வண்டி ஓட்டி வருகிற செல்வம், பேப்பரை மடித்து என் முன்னால் வைத்தார்.

"பெரியவரே, உங்க ஆளுங்க மறுபடியும் புடிச்சிட்டாங்க பாருங்க. கொஞ்சம் சொல்லி வைக்கக் கூடாதா?"

"நேத்துதான் போன் போட்டேன் செல்வம். எடுக்க மாட்டேங்கிறாங்க."

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பக்கத்திலும் எனக்கு இதே உத்தியோகம்தான். அங்கே பெட்ரோலுக்கு ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற வருஷம் ஒன்று வந்ததே, அப்போது இங்கிருந்து அரிசியும் பால்மா என்கிற பால் பவுடரும் கப்பலில் போயின. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற என் தங்கச்சி லெட்சுமி போனில் கூப்பிட்டாள். "அண்ணே, உங்க ஆளுங்க அனுப்புன அரிசி வந்துச்சு. நல்ல அரிசிதான். பால்மாதான் கொஞ்சம் பத்தல" என்றாள். சொல்லிவிடுகிறேன் என்றேன். அந்த நாட்டில் பிறந்து இருபது வருடம் இருந்தபோது எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளில் இருந்து சிலோன்காரன். எந்தப் பக்கத்துக்கு எந்தப் பக்கம் கோபம் வந்தாலும், சந்தோஷம் வந்தாலும், என் விலாசத்துக்கு ஒரு பிரதி வந்துவிடுகிறது.

நான் காவல் இருக்கிற குடோன் அந்துவான் என்பவருடையது. கிறிஸ்தவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கத்தில் எல்லோரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இலங்கையில் இருந்து கறுவாவும் கிராம்பும் தருவித்து, சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் போட்டு விற்கிறார். நாம் கறுவா என்பதை இங்கே பட்டை என்பார்கள். லோடு வந்து இறங்கினால் தெரு முழுக்க மணக்கும். பாக்கெட் போடுகிற பெண்கள், "தாத்தா, உங்க ஊரு வாசம் வந்துடுச்சி" என்பார்கள். நானும் ஆமாம் என்று மூச்சை இழுத்துக் காட்டுவேன். உண்மை என்னவென்றால், கறுவா விளைவது தெற்கே சிங்கள நாட்டுப் பக்கம், கடலோரத் தாழ்நிலத்தில். நான் பிறந்தது தேயிலை மலையில். கட்டுக்கட்டாகக் கிடக்கும் கறுவாப்பட்டையின் வாசத்தை நான் முதன்முதலில் மோந்து பார்த்ததே இந்தத் தட்டாஞ்சாவடியில்தான். இதை அவர்களுக்கு விளக்கப் போனால் இலங்கை வரைபடம் போட வேண்டும். அதனால் விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு லோடோடும் ஒரு கடுதாசி வரும். இந்தச் சரக்கு இலங்கை மண்ணில் விளைந்தது, வேறு தேசத்தில் இருந்து வந்து ஏறியது அல்ல என்று அந்த நாட்டில் முத்திரை குத்திக் கொடுப்பது. இரண்டு நாட்டுக்கும் வியாபார ஒப்பந்தம் இருக்கிறதாம். அந்தக் கடுதாசி இருந்தால் தீர்வைச் சலுகையோடு உள்ளே விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே கிடக்க வேண்டியதுதான். "பாத்தீங்களா ராமையா, பட்டைக்கும் பொறந்த சர்ட்டிபிகேட்டு இருக்கு" என்று அந்துவான் ஒருமுறை எனக்குக் காட்டினார். போன வருடம் ஒரு லோடில், கடுதாசியில் இருந்ததைவிட இரண்டு கட்டு அதிகமாக வந்துவிட்டது. பிடித்து நிறுத்திவிட்டார்கள். அந்துவான் கொழும்புக்குப் போன் மேல் போன் போட்டார். நாலாம் நாள் புதுக் கடுதாசி வந்தது, சரக்கும் வந்தது. கட்டுகளை எண்ணி உள்ளே அடுக்கும்போது எனக்குப் பட்டையின் மேல் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என்னுடைய கடுதாசியின் கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முதலில் பிறந்தது ஒரு ஆண் பிள்ளை. ராமையா என்று பெயர் வைத்து, தோட்டத்து ஆபீசில் சொல்லிப் பதிந்து, கடுதாசியும் வாங்கியிருக்கிறார்கள். ஒன்பதாம் மாதம் காய்ச்சல் கண்டு போய்விட்டது. புதைத்தார்கள், ஆனால் இறந்ததை யாரும் பதியவில்லை. மூன்று வருடம் கழித்து நான் பிறந்தேன். என்னைப் பதிய வேண்டுமென்றால் அப்பா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். அப்பா தகரப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அம்மாவிடம், "ஆம்பளப் பிள்ளைக்கு ஒரு கடுதாசி சும்மாதானே கெடக்கு. இன்னொன்னு எதுக்கு?" என்றாராம். இதில் ஒன்றும் அதிசயம் இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மட்டும் இப்படி அண்ணன் கடுதாசியில் வாழ்ந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். சட்டையை அண்ணனிடம் இருந்து தம்பிக்குப் போடுவதுபோல அதையும் போட்டுவிட்டார்கள். அம்மா மட்டும் என்னை ஒருநாளும் ராமையா என்று கூப்பிட்டதில்லை. சின்னையா என்றுதான் கூப்பிடுவார். லெட்சுமிக்கு நான் சின்னண்ணன். பெரிய அண்ணன் என்று ஒருவன் மண்ணுக்குள் இருப்பதை மறக்காத வீடு.

பிறகு இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, தோட்டத்து ஜனங்களில் இத்தனை பேரை நீ எடுத்துக்கொள், இத்தனை பேரை நான் வைத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டார்கள். எந்த நாடு வேண்டும் என்று மனுப் போடச் சொன்னார்கள். அப்பா இலங்கைக்குப் போட்டார். அப்பா, அம்மா, சின்னப் பிள்ளையான லெட்சுமி, மூவரும் ஒரே மனு. வயது வந்த பிள்ளைகள் தனியாகப் போட வேண்டும். எனக்கு அப்போது பதினாறு. என் கடுதாசிக்குப் பத்தொன்பது. மனு எழுதிக்கொண்டிருந்த கிளாக்கர் கடுதாசியைப் பார்த்துவிட்டு, "இவன் மேஜர், இதுல வரமாட்டான்" என்று என் பெயரை அடித்தார். அப்பா வாயைத் திறந்தால் கடுதாசி வந்த வழி வெளியே வரும். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மலை இறங்கி வரும்போதுதான் பேசினார்.

"நீ இந்தியாவுக்குப் போடு. போய்ப் பாரு. நல்லா இருந்தா நாங்க வந்துர்றோம். இல்லாட்டி நீ வந்துரு."

அப்பாவுக்கு இரண்டு நாடும் பக்கத்துப் பக்கத்து லயம். நடுவில் இருப்பது ஒரு வாய்க்கால் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முறை வந்து நான் புறப்பட்டபோது லெட்சுமிக்குப் பன்னிரண்டு வயது. அழுவாள் என்று நினைத்தேன். "அங்கதான் குளுராதாமே, அந்தக் கம்பளிய குடுத்துட்டுப் போயேன்" என்றாள். கொடுத்துவிட்டு வந்தேன். தலைமன்னாரில் கப்பல் ஏறினால் வெற்றிலை போட்டுத் துப்பி முடிப்பதற்குள் இந்தியா வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். வாந்தி எடுத்துக்கொண்டே வந்ததால் எனக்கு அது பெரிய தூரமாகத் தெரிந்தது. இந்தக் கரையில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து பெயர் கேட்டார். என்னைப் பெயர் கேட்டு அதுவரை யாரும் எழுதியதில்லை. ஒரு நிமிடம் யோசித்தேன். "பேரு கூடவா மறந்துபோச்சி?" என்றார். ராமையா என்றேன். அன்றிலிருந்து ராமையா. மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருக்க வைத்து, புதுச்சேரியில் நூல் மில்லில் வேலை என்று சீட்டுக் கொடுத்தார்கள். முகாமில் என்னோடு இருந்தவர்கள் நீலகிரிக்கும் திருச்சிக்கும் எங்கெங்கோ போனார்கள். உங்களில் யாராவது இதைப் படித்தால், பம்படியில் சண்டை போட்டு வாளியை நெளித்தவன் நான்தான்.

நல்லா இருந்தால் வருகிறோம் என்ற அப்பா வரவில்லை. மனு இலங்கைக்கு ஆகிவிட்டது. நான் திரும்பிப் போகலாம் என்று யோசித்தபோது கலியாணம் ஆகிவிட்டது. பிறகு அங்கே சண்டை வந்தது, கப்பல் நின்றது. அப்பா இறந்த சேதி தபாலில் வந்து சேர்ந்தபோது அங்கே கருமாதியே முடிந்திருந்தது. அம்மா இறந்தது போனில் வந்தது. சண்டை ஓய்ந்த பிறகு விமானத்தில் போகலாமே, பாஸ்போர்ட் எடுங்கள் என்று மகன் எத்தனையோ தடவை சொன்னான். பிறந்த இடம், பிறந்த தேதி, அத்தாட்சி என்று அந்தப் பாரத்தில் வரிசையாகக் கேட்டிருந்தது. யாராவது தோண்டினால் என்ன ஆகும் என்ற பயத்தில், கால் வலிக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். மில்லில் கூட என்னை மூன்று வருடம் முன்னதாகவே ரிட்டயர் ஆக்கி மாலை போட்டு அனுப்பினார்கள். வேலை செய்ய உடம்பில் தெம்பு இருந்தது. செத்துப்போன அண்ணனுக்கு வயதாகிவிட்டது, நான் என்ன செய்வது.

போன வருடம் லெட்சுமி போனில் சொன்னாள், கண் மங்கிக்கொண்டு வருகிறது என்று. சக்கரை வியாதி. ஒரு கண்ணில் பாதிதான் தெரிகிறது, இன்னொன்று கிட்டத்தில் இருப்பதை மட்டும் காட்டுகிறது. இனிமேல் பார்வை ஏறாது, குறையத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"முழுசாப் போறதுக்குள்ள ஒரு தடவ உன் மொகத்தப் பாக்கணும் சின்னண்ணே."

"போன்லதான் தெனமும் பாக்குறியே."

"அது போன் மொகம். கலங்கலாத் தெரியுது. கிட்ட வச்சி பாக்கணும்."

அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு மறுபடியும் கப்பல் விட ஆரம்பித்திருந்தார்கள். அவளுக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தது. நான் அழைப்புக் கடிதம் எழுதி, என் ஆதார் நகலோடு அனுப்பினேன். புதுச்சேரியில் இருக்கும் என் அண்ணன் ராமையாவைப் பார்க்கப் போகிறேன் என்று அவள் விசா மனுவில் எழுதி, உறவுக்கு அத்தாட்சியாக வீட்டில் இருந்த குடும்பப் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்தாள். அங்கேதான் மாட்டிக்கொண்டது. மிச்சம் இருந்தவர்களுக்கெல்லாம் குடியுரிமை கொடுத்த காலத்தில், கிராம சேவகர் வீடு வீடாக வந்து குடும்பத்தில் யார் யார் என்று எழுதியிருக்கிறார். அம்மா சொல்லியிருக்கிறார்: முதல் பிள்ளை ராமையா, இறந்துவிட்டான். இரண்டாவது சின்னையா, இந்தியாவில் இருக்கிறான். மூன்றாவது லெட்சுமி. பக்கத்தில் இருந்தவர்கள் சாடை காட்டினார்களாம். "பொதச்ச புள்ளைய உசுரோட இருக்கான்னு சொல்லச் சொல்றியா? என் வாயில வராது" என்று அம்மா சத்தம் போட்டாராம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அம்மா தன் மூத்த பிள்ளையின் பெயரை என்னிடம் இருந்து வாங்கி அவனிடமே கொடுத்துவிட்டார். எனக்கு இதைச் சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

மனுவை வாங்கிய பெண் நல்லவிதமாகத்தான் கேட்டிருக்கிறார். "அம்மா, உங்க பட்டியல்படி ராமையா இறந்துட்டாரு. இறந்தவர் எப்படி அழைப்புக் கடிதம் எழுதினாரு?" லெட்சுமி, "அவர்தான் சின்னையா" என்றிருக்கிறாள். சின்னையா என்ற பெயரில் இந்தியாவில் ஏதாவது அத்தாட்சி வாங்கிக் கொடுங்கள் என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். அப்படி ஒரு ஆளுக்கு இந்த நாட்டில் ஒரு துண்டுச் சீட்டு கூடக் கிடையாது.

அந்துவானிடம் சொன்னேன். அவர் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கூட்டிப் போனார். வக்கீல், நான் கப்பலில் வந்தபோது கொடுத்த குடும்ப அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பழைய போட்டோவில் இருக்கிற இருபது வயதுக்காரன் எங்கள் மூவரையும் முறைத்துக்கொண்டிருந்தான். "பேர் மாத்த மனுப் போடலாம் பெரியவரே. ஆனா எதனாலன்னு எழுதணும். எழுதினா, இன்னொருத்தர் பேர்ல வந்து எறங்கினீங்கன்னு ஆவும். அப்பறம் ஆதாரு, பென்ஷன், குடியுரிமை எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கேப்பாங்க. எத்தன வருஷம் இழுக்கும்னு சொல்ல முடியாது" என்றார். லெட்சுமியின் கண்ணுக்கு அத்தனை வருடம் கிடையாது.

திரும்பி வரும்போது அந்துவான் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார். இந்த ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் குறிப்பிட்ட நாளுக்குள் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு இங்கே ஒப்த்தே என்று பெயர்.

"எங்க பெரியப்பா ஒப்த்தே பண்ணாரு. எங்கப்பா, கொஞ்ச நாள் பாக்கலாம்னு இருந்துட்டாரு. கெடு தாண்டிப் போச்சி. பெரியப்பா புள்ளைங்க பாரீஸ்ல இருக்குதுங்க. வருஷா வருஷம் வந்து, அந்துவான், இங்க என்னா இவ்ளோ தூசின்னுவாங்க. நான் அங்க போறதுக்கு விசா கேட்டா, ஏன் வர்ற, எப்ப திரும்புவன்னு ஆயிரம் கேள்வி. ஒரே ஆயா வயித்துப் பேரன்தான் நாங்க எல்லாரும்."

"நாலு நாள்ல புதுக் கடுதாசி வாங்குற ஆளு நீங்க. எனக்கு ஒண்ணு வாங்க முடியாதா முசியே?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"நீங்க பட்டையா இருந்தா வாங்கிடலாம் ராமையா" என்றார்.

வழியைக் கடைசியில் கண்டுபிடித்தது லெட்சுமிதான். யாழ்ப்பாணத்தில் ஒரு ஏஜென்சி கோயில் சுற்றுலாவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. கப்பலில் நாகப்பட்டினம், பிறகு பஸ்ஸில் வேளாங்கண்ணி, சிதம்பரம், திருவண்ணாமலை. நடுவில் புதுச்சேரியில் பிள்ளையார் கோயிலும் கடற்கரையும் பார்க்க ஒன்றரை மணி நேரம். சுற்றுலா விசாவுக்கு அண்ணனும் வேண்டாம், அழைப்புக் கடிதமும் வேண்டாம். ஏஜென்சிக்காரப் பையனே கம்ப்யூட்டரில் மனுவை நிரப்பிவிட்டான். அதில் ஒரு கேள்வி இருந்திருக்கிறது, இந்தியாவில் உறவினர்கள் உண்டா என்று.

"இல்லன்னு போட்டுட்டாங்க சின்னண்ணே. நான் கையெழுத்துதான் வச்சேன்" என்றாள் போனில். "பொய்யா அது?"

"கடுதாசிப்படி உண்மதான்" என்றேன்.

"அப்ப நீ வந்து நிப்பியா?"

"நிக்கிறேன்."

இதை இப்படி வெளியே எழுதினால் வம்பு வராதா என்று மருமகள் கேட்டாள். மூட்டு தேய்ந்த கிழவனை எந்தக் கப்பலில் ஏற்றி எந்தத் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு அந்துவான் குடோன் சாவியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, என்னைத் தன் ஸ்கூட்டரில் கடற்கரைச் சாலையில் கொண்டுவந்து விட்டார். ஒரு பட்டைப் பாக்கெட்டையும் கையில் கொடுத்தார். காலை பத்து மணிக்கு பஸ் வந்தது. வரிசையாக இறங்கினார்கள். லெட்சுமி சேலைக்குக் கீழே வெள்ளை பூட்ஸ் போட்டிருந்தாள், பேத்தியுடையதாக இருக்கும். எனக்கு நேராக நடந்து வந்து, என்னைத் தாண்டி நாலடி போய்விட்டாள். "லெட்சுமி" என்றேன். நின்றாள். திரும்பி வந்து, கண்ணாடியைக் கழற்றி, என் மூக்குக்கும் அவள் மூக்குக்கும் ஒரு சாண் கூட இல்லாத கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஒரு கையால் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

"மூக்கு அப்பா மூக்கு. காது யாருதுன்னு தெரியல. கெழவனாயிட்டியே சின்னண்ணே."

இந்த மண்ணில் வைத்து, நேரில், அந்தப் பெயரை ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பதில் சொல்வதற்குள் சுற்றுலாக்காரர் கையில் பட்டியலோடு வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கூட்டத்தில் ஒரு தலை குறைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"அம்மா, ஆர் இவர்? தெரிஞ்ச ஆளே?"

லெட்சுமி என் தாடையில் இருந்து கையை எடுத்தாள். மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"இல்ல தம்பி. கோயிலுக்கு வழி கேட்டேன். காட்டுறேங்கிறாரு."

"பதினொன்றரைக்கு பஸ் வெளிக்கிடும். தெரியாத ஆக்களோட தூரம் போகாதேங்கோ" என்றார். என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை. அவர் வேலையை அவர் சரியாகப் பார்த்தார்.

நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தோம். சைக்கிளில் டீ கொண்டு வருகிறவரை நிறுத்தி, ஒன்று பால் இல்லாமல் என்றேன். "வயித்துக்கா பெரியவரே?" என்று கேட்டார். லெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பால் டீ கேட்டு வாங்கினாள், சீனி குறைத்து. குடித்து முடித்து இன்னொன்று வாங்கினாள். பால்மா விற்கிற விலையில் அங்கே வீட்டில் பால் டீ போடுவது நின்றே போய்விட்டதாம். அவள் ஒரு பொட்டலம் தேயிலை கொண்டு வந்திருந்தாள். நான் பட்டைப் பாக்கெட்டைக் கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள், இலங்கைப் பட்டை என்று.

"எங்க நாட்டுச் சாமானையே எனக்குக் குடுக்குறியா?"

"இங்க வந்து சட்ட மாத்திக்கிட்டு போவுது" என்றேன்.

அந்தக் கம்பளி என்ன ஆயிற்று என்று கேட்டேன். மூத்தவன் பிறந்தபோது கிழித்துத் தொட்டில் கட்டிவிட்டேன் என்றாள். அப்பா கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். அவளே சொன்னாள். "அப்பாவுக்கு ஒரே கொற. கிளாக்கர்கிட்ட வாயத் தொறந்து, இவன் சின்னப் பயன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் இங்கேயே இருந்திருப்பான்னு சொல்லிக்கிட்டே கெடப்பாரு." நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே தெரிகிற கடலைக் காட்டி, இதற்கு நேர் அந்தப் பக்கம்தானா நம்ம ஊர் என்று கேட்டாள். இல்லை, தெற்கே, அதோ அந்தத் துறைமுகத்துப் பக்கம் என்று கை காட்டினேன். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

பதினொன்றரைக்குச் சுற்றுலாக்காரர் தலைகளை எண்ண ஆரம்பித்தார். நான் பஸ் படி வரைக்கும் போகவில்லை. வழி காட்டிய ஆள் அதுவரைக்கும் போனால் நன்றாக இருக்காது. சாலையின் இந்தப் பக்கம், ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். லெட்சுமி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே தேடினாள். பிறகு கையை ஆட்டினாள். ஆனால் என் பக்கம் இல்லை. எனக்குப் பத்தடி தள்ளி, என்னைப் போலவே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வெளியூர்க்காரர் படம் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்துத்தான் கையாட்டினாள். அவர் முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு, தனக்குத்தான் போலிருக்கிறது என்று அவரும் சிரித்துக் கையாட்டினார். லெட்சுமி இன்னும் வேகமாக ஆட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிடலாம். கூப்பிட்டால் பட்டியல்காரர் திரும்புவார். பஸ் உறுமியது. நான் மரத்தடியை விட்டு நடந்து போய், அவள் கையாட்டிக்கொண்டிருந்த இடத்தில், அந்த மனிதருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.